வீதியில் ஒரு வழுவமைதி

இலக்கணம் கற்றோர் வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூன்றையும் அறிவர். விதியிற் பிழையாது சொல்வது வழாநிலை. பிழைத்துச் சொல்வது வழு. பிழைதான், ஆயினும் தக்கதொரு காரணம் நோக்கி, குற்றமன்று என்று ஆன்றோர் அமைத்துக்கொண்டது வழுவமைதி. பசுக்கன்று துள்ளிக்கொண்டு வருகிறது. வீட்டுக் கிழவி, ‘என்ரை ராசா வாறார்’ என்கிறாள். கன்று அஃறிணை, ‘வாறார்’ என்பதோ உயர்திணை. திணை வழுவிவிட்டது. ஆயினும் அக்கிழவியைத் திருத்தப் புறப்படுகிற இலக்கண ஆசிரியன் உலகத்தில் இல்லை. அவளுடைய உவகை அவ்வழுவுக்குக் காரணமாய் நிற்கிறது. அக்காரணம் கேட்பவர் எல்லாருக்கும் தெரிகிறது.

இதனை இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். ஆனால் வழுவமைதியின் அருமை எனக்கு விளங்கிய இடம் வகுப்பறை அன்று. கொழும்பிலே, காலி வீதியிலே, ஒரு காரின் முன்னாசனத்தில் இருந்தபோது அது விளங்கியது.

2020ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். காலி வீதி, ஹைலெவல் வீதி, பேஸ்லைன் வீதி, ஸ்ரீ ஜயவர்தனபுர மாவத்தை ஆகிய பெருவீதிகளிலே, காலை வேளையிலும் மாலை வேளையிலும் இடப்புற ஓரத்தைப் பஸ்களுக்கு முதன்மை கொடுத்து ஒதுக்கி, அவ்விதியைப் பொலிஸார் இறுக்கமாக நடைமுறைப்படுத்தத் தொடங்கிய காலம். பாடநூல் சம்பந்தமான கூட்டமொன்றுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து சென்று, வெள்ளவத்தையில் என் தங்கை வீட்டிலே தங்கியிருந்தேன். என்னிடம் படித்த மாணவர் ஒருவர், இன்று கொழும்பிலே கணக்காளர், ‘ஐயா பஸ்ஸிலை போய் இடிபடக்கூடாது, நான் கொண்டுபோய் விடுறன்’ என்று காரோடு வந்துவிட்டார். குருபக்தி! மறுக்க முயன்றேன் என்று இங்கே எழுதினாற் பொய்யாகும்.

எட்டு மணி இருக்கும். எங்கள் நிரையிலே கார்கள் எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்தன. இடப்பக்கத்து நிரை ஏறத்தாழ வெறுமையாய்க் கிடந்தது. பொலிஸார் நின்ற சந்தியைக் கடந்தோம். மாணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

‘ஐயாவுக்கு நேரம் போகுது. இதாலை போனால் நேரத்துக்குப் போயிடலாம். எல்லாரும் போகினந்தானே.’

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் காரை இடப்பக்கம் வெட்டினார்.

சிறிது தூரம் சுகமாய்ப் போனோம். எங்களுக்கு முன்னே இன்னும் நான்கைந்து கார்கள் அவ்வாறே புகுந்திருந்தன. அடுத்த சமிக்ஞை விளக்கில் அவை நின்றன, நாங்களும் நின்றோம். நின்ற இடம் ஒரு பஸ் தரிப்பு. பின்னால் வந்த பஸ் தரிப்புக்குள் வர இடமில்லாமல் சற்று அப்பால் நின்று ஹோர்ன் அடித்தது. நடத்துநர் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கித் தட்டினார். ஆட்கள் அங்கேயே இறங்கத் தொடங்கினார்கள். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே மோட்டார்ச் சைக்கிள்கள் பாய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைச் சீருடை அணிந்த ஒரு பிள்ளையை முதலில் இறக்கிவிட்டு ஒரு தாய் இறங்கினாள். இறங்க முயன்றவள் ஒரு மோட்டார்ச் சைக்கிளுக்கு அஞ்சி மீண்டும் படியில் ஏறிவிட்டாள். பிள்ளை நிலத்தில், தாய் படியில். ஒரு கணந்தான். விபத்து ஒன்றும் நிகழவில்லை. காரின் பக்கக் கண்ணாடியிலே அதனை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். தலைவர் அரை மணித்தியாலம் பிந்தி வந்தார்.

வீதியில் இவ்வாறு ஒதுக்கப்படும் நிரையைப் பஸ் ஒழுங்கை என்று சொல்லுவதே எனக்குப் பிடித்தம். யாழ்ப்பாணத்தவருக்கு ஒழுங்கை என்றால் இருபுறமும் வேலி அடைத்த குறுந்தெரு. ஒழுகுதல் என்பதற்கு நீர்போல ஓடுதல் என்றும் பொருள். நெறிப்பட நடத்தல் என்றும் பொருள். ஒழுங்கு, ஒழுங்கை, ஒழுக்கம் என்பன அக்குடும்பத்துப் பிள்ளைகள். ஓட்டமும் நெறியும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது நம் மொழியின் அழகு. வீதிப் பொறியியலாளர் ஒருவர் இதைவிடச் சிறந்த சொல்லைத் தேடி எங்கே போவார்?

எங்கள் ஊர் ஒழுங்கையிலே அறிவிப்புப் பலகை கிடையாது. வெள்ளைக் கோடும் கிடையாது. ஆயினும் விதி இருந்தது. நான் சிறுவனாயிருந்த காலத்தில், விறகு ஏற்றிய மாட்டு வண்டி ஒழுங்கைக்குள் வந்தால், சைக்கிளில் வருபவர் இறங்கி வேலியோடு ஒட்டி நிற்பார். கௌரவமான உத்தியோகத்தரும் நிற்பார். பாரம் உள்ளதற்கு வழி. வெறுங்கையோடு வருபவர் ஒதுங்குவார். ஐம்பது அறுபது பேரைச் சுமந்து வரும் பஸ்ஸும், ஒருவரையோ இருவரையோ சுமந்து வரும் காரும் காலி வீதியிலே சந்திக்கும்போது எழும் வழக்கும் இதுவேதான். பெரிய வீதி ஆகிவிட்டபடியால் பலகையும் கோடும் பொலிஸாரும் தேவைப்பட்டன.

இனி, கார்க்காரருடைய வலிமையான வாதத்தை எடுத்துக்கொள்வோம். ஒழுங்கை வெறுமையாய்க் கிடக்கிறதே. பஸ் வராத நேரத்தில் நாங்கள் போனால் யாருக்கு என்ன நட்டம் என்பர். இது எளிதில் தள்ளத்தக்க வாதம் அன்று. நம்மூர்த் தெருக்களில் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. சில இன்னும் நிற்கின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நாட்டும் வழக்கம் இருந்தது. அவை சுமையோடு வருபவர்களுக்கு உரியவை. ஆயினும் சும்மா வருகிறவர் ஒருவர் அதில் சாய்ந்து நின்றால் எவரும் ஏசுவதில்லை. தலையிற் கடகத்தோடு ஒருத்தி வந்தால் அவர் எழுந்துவிடுவார், அவ்வளவுதான். பஸ் ஒழுங்கையும் அப்படித்தானே என்று கேட்கலாம்.

அப்படி அன்று. சுமைதாங்கியில் சாய்ந்தவர் ஒரு கணத்தில் விலகலாம். ஒழுங்கைக்குள் புகுந்த கார், முன்னும் காராகி வலமும் காராகிவிட்ட பின்னர், எங்கே விலகும்? அன்றியும், ஒருவர் புகுந்ததைக் கண்டு பத்துப்பேர் புகுவர். ‘எல்லாரும் போகினந்தானே’ என்ற என் மாணவரின் சொல்லிலே அந்த ‘எல்லாரும்’ யார்? எண்ணிப் பார்த்தால் நான்கைந்து பேர். எங்களைக் கண்டு எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கோ அந்த ‘எல்லாரும்’ நாங்கள்!

ஒழுங்கை வெறுமையாய்த் தோன்றுவதும் ஒரு மயக்கமே. நிமிடத்துக்கு ஒரு பஸ், ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 3,000 பேர் அவ்வழியே போகின்றனர். பக்கத்து நிரையிலே நிமிடத்துக்குப் பத்துக் கார்கள் நகர்ந்தாலும் மணிக்கு 600 கார்கள். இரண்டு காருக்கு மூவர் வீதம் கணக்கிட்டால் 900 பேர். கண்ணுக்கு நிறைந்து தோன்றுவது 900. வெறுமையாய்த் தோன்றுவது 3,000. ஆகவே அவ்வெறுமை வீணாய்க் கிடக்கும் நிலம் அன்று. பஸ் தடையின்றி வருவதற்கு அந்த வெறுமையே வேண்டும்.

இவ்வழக்கு டில்லியிலே நீதிமன்றம் வரை சென்றது. அம்பேத்கர் நகர் தொடக்கம் மூல்சந்த் வரை, ஆறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரத்துக்கு, வீதியின் நடுவே பஸ்களுக்கென்று தனிவழி அமைத்து 2008இல் திறந்தனர். கார்க்காரர் கொதித்தெழுந்தனர். 2012இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் மனு ஒன்று வந்தது. காரிலே போகிறவர்கள் நாட்டின் செல்வத்தை ஆக்குகிறவர்கள். அவர்களுடைய நேரம் வீணாகிறது என்பதும் அம்மனுவில் எடுத்துரைத்த நியாயங்களில் ஒன்று. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் தொழிலாளி செல்வத்தை ஆக்குவதில்லைப் போலும்! அந்த ஆண்டு ஒக்டோபரில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. எனினும் கதை அங்கே முடியவில்லை. அந்தத் தனிவழியின் அமைப்பிலும் குறைகள் இருந்தன. பஸ் ஏறுவதற்கு மக்கள் வாகனங்களிடையே வீதியின் நடுவுக்குக் கடந்து செல்லவேண்டியிருந்தது. அரசு மாறிற்று. 2016இல் தனிவழியை உடைத்து அகற்றத் தொடங்கினர். வழக்கிலே பஸ் வென்றது. வீதியிலே கார் வென்றது.

இலண்டனில் எழுந்த வழக்கு வேறு வகையானது. என் கருத்துக்கு இன்னும் நெருங்கியது. அங்கே கறுப்பு நிற வாடகைக் கார்கள் பெரும்பாலான பஸ் ஒழுங்கைகளில் ஓடலாம். தொலைபேசியில் முன்கூட்டியே அழைக்கப்படும் மற்றைய வாடகைக் கார்கள் ஓடலாகாது. அத்தகைய நிறுவனம் ஒன்று 2012இல் தன் சாரதிகளைப் பஸ் ஒழுங்கைக்குள் ஓட்டச் சொல்லி, வரும் தண்டத்தைத் தானே கட்டுவதாகவும் அறிவித்தது. இஃது ஒரு விசித்திரமான மனநிலை. தண்டம் கட்டினால் வழு அமைதியாகிவிடும் என்று அவர்கள் எண்ணினர். தண்டம் என்பது விதியை மீறுவதற்கு விற்கப்படும் ரிக்கெற்று அன்றே!

வழக்கு, பிரித்தானியா அப்போது அங்கம் வகித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்றது. 2015 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. கறுப்புக் காருக்கு மட்டும் அந்த வசதியை அளிப்பது நியாயமற்ற சலுகையாகத் தோன்றவில்லை என்பது அதன் சாரம். காரணம் என்ன? கறுப்புக் கார்ச் சாரதி வீதியில் கைகாட்டுபவரைத் தெருவில் நின்றே ஏற்றும் உரிமை பெற்றவர். ஏற்றவேண்டிய கடமையும் உடையவர். அவர் வாங்கும் கட்டணத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அவருடைய வண்டியிலே சக்கர நாற்காலியோடு ஏறலாம். நகரத்து வீதிகளை மனப்பாடமாய்க் கற்றுக் கடினமான பரீட்சையில் தேறியவர் அவர். கடமையின் பொறுப்பைத் தாங்கியவருக்கு ஒழுங்கை திறந்தது. அக்கடமையை ஏலாதவர் வெளியே நின்றார். பழைய மாட்டு வண்டி நியாயந்தான். பாரம் உள்ளதற்கு வழி.

அமெரிக்காவில் வேறொரு முறை. அங்குள்ள சில பெருவழிகளிலே ஒரு காரில் இருவரோ மூவரோ இருந்தால்தான் ஒதுக்கிய ஒழுங்கைக்குள் போகலாம். அதற்காகக் கடையிலே சேலை உடுத்தி நிறுத்தும் பொம்மை போன்ற ஒன்றைப் பக்கத்தில் இருத்தித் தொப்பியும் போட்டு ஓட்டிப் பிடிபட்டவர்கள் உண்டு. 2022இல் டெக்ஸாஸ் மாநிலத்திலே, தனியே கார் ஓட்டிச் சென்ற கர்ப்பிணி ஒருவரைப் பொலிஸார் மறித்தனர். என் வயிற்றில் உள்ள பிள்ளையோடு நாங்கள் இருவர் என்றார் அவர். கருவிலுள்ளதையும் ஓர் ஆளாகக் கொள்ளும் தண்டனைச் சட்டம் அந்த மாநிலத்தில் இருந்தபடியால், வழக்கு அரசியலாயிற்று. அவருக்கு விதித்த தண்டம் தள்ளுபடியாயிற்று. கர்ப்பிணி ஒருமையா, பன்மையா? நம் இலக்கண ஆசிரியர்களுக்கு இவ்வினா எட்டவில்லையே என்று எனக்கு ஒரு சிறு வருத்தம். பொம்மைக்காரரோடு அப்பெண்ணை ஒருங்கு வைத்து எண்ணுதல் கூடாது. அவர் தம் காரணத்தைப் பொலிஸாரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அப்படியானால் பிறருக்கு உரிய ஒழுங்கைக்குள் ஒரு சாரதி எப்போது போகலாம்? குறித்த நேரம் முடிந்தால் போகலாம். அப்போது அது ஒதுக்கிய வழியே அன்று. பக்கத் தெருவுக்கோ வீட்டுப் படலைக்கோ திரும்பவேண்டியவர் திரும்பும் அளவுக்குப் போகலாம். கனடாவிலே, நம்மவர் பெருந்தொகையாய் வாழும் ஸ்காபரோவில், எக்லின்டன் கிழக்கு வீதியில் 2020 ஒக்டோபரில் சிவப்பு நிறம் பூசிய பஸ் ஒழுங்கை ஒன்று திறந்தார்கள். அங்கே கார்கள் வலப்பக்கம் ஓடுவன. ஆகவே வலப்பக்கம் திரும்புவோருக்கு அந்தச் சிவப்பிலே கால்வைக்க இடம் உண்டு. பொலிஸார் கைகாட்டினால் போகலாம். பழுதான லொறி ஒன்று வழியை அடைத்துக் கிடந்தால் அதனைச் சுற்றிப் போகலாம். இவையெல்லாம் விதியே வகுத்துக் கொடுத்தவை, அல்லது விதியை வகுத்தவர் அருகில் நின்றால் தலையசைப்பவை.

அம்புலன்ஸ் காரியத்தில் மாத்திரம் எனக்கு வெள்ளைக்காரரோடு உடன்பாடில்லை. இங்கிலாந்திலே, அம்புலன்ஸுக்கு வழிவிடுவதற்கென்றாலும் ஒதுக்கிய நேரத்திலே பஸ் ஒழுங்கைக்குள் புகவேண்டாம் என்று சாரதிகளுக்கு அறிவுரை கூறப்படுகிறது. புகுந்தாற் கமரா படம்பிடித்துத் தண்டப் பத்திரம் வீட்டுக்கு வந்துவிடக்கூடும்; பின்னர் முறையிட்டுத் திரியவேண்டும். கமராவுக்கு வழுவும் தெரியும், வழாநிலையும் தெரியும், வழுவமைதி தெரியாது. பின்னே ஓர் உயிர் ஊசலாடும்போது கோட்டைத் தாண்டி ஒதுங்குகிறவன் பிழை செய்தவன் அல்லன். பஸ்ஸில் உள்ள ஐம்பது பேரையும் கேளுங்கள். ஐம்பது பேரும் சரி என்பர்.

அங்கேதான் என் காரியம் அகப்பட்டுக்கொள்கிறது. வழுவமைதியை அளிப்பவர் யார்? வழுவியவர் அல்லர். உலகவழக்கும் ஆன்றோரும் அளிப்பர். மாணவன் ஒருவன் விடைத்தாளிலே பிழை எழுதிவிட்டு, ‘இது வழுவமைதி’ என்று பக்கத்திலே தானே குறித்து வைத்தால் நான் புள்ளி கொடுப்பேனா? வீதியிலே நாங்கள் அதைத்தான் செய்கிறோம். ஒவ்வொருவரும் தத்தம் அவசரத்துக்குத் தாமே ஒரு சூத்திரம் செய்து, தாமே உரையும் எழுதிக்கொள்கிறோம். அரசியற் பிரமுகர் தம் பதவியைக் காரணமாக்குகிறார். வர்த்தகர் தம் நேரத்தைக் காரணமாக்குகிறார். நான் கூட்டத்தைக் காரணமாக்கினேன். அன்று அந்தத் தரிப்பிலே காரைவிட்டு இறங்கி, பஸ்ஸின் படியிலே நின்ற அத்தாயிடம் சென்று, ‘பிள்ளை, எனக்குப் பாடநூற் கூட்டத்துக்கு நேரமாகுது, அதனாலேதான் உங்கடை தரிப்பிலே எங்கடை கார் நிற்குது’ என்று என்னாற் சொல்ல முடியுமா? முடியாது. பின்னே அம்புலன்ஸ் வந்தபடியால் ஒதுங்கினோம் என்றால் சொல்லியிருப்பேன்.

மாணவரை நான் குறைகூறமாட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ‘வேண்டாம் தம்பி’ என்றிருந்தால் வெட்டியிருக்கமாட்டார், அவ்வளவு பணிவுள்ளவர். ஆசிரியனுடைய மௌனத்தை மாணவர் சம்மதமாகவே கொள்வர். அதனை நான் அறிவேன். அறிந்துதான் மௌனமாயிருந்தேன்.

அதன்பின் கொழும்புக்குப் போகும்போதெல்லாம் 100ஆம் இலக்க பஸ்ஸிலோ 101ஆம் இலக்க பஸ்ஸிலோதான் காலி வீதியிலே போகிறேன். விரதம் ஒன்றும் இல்லை; அழைத்துப் போக ஆள் வராததும் ஒரு காரணம். நின்றுகொண்டு போகும்போது, பஸ்ஸின் முன்னே கார் ஒன்று புகுந்தால், நடத்துநர் சொல்லுகிற சொற்களைக் கேட்கிறேன். அவற்றுள் வழாநிலைச் சொல் ஒன்றும் இராது. ஆயினும் காரணம் நோக்கி அமைத்துக்கொள்ளத் தக்கவை.

சென்ற தவணையிலே பண்டித வகுப்பில் இவ்வியல் வந்தது. கிழவியும் கன்றும் சொன்ன பிறகு, கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போன ஒரு பண்டிதர், கார், பஸ், படியில் ஏறிய தாய் என்று இக்கதையையும் உதாரணமாகச் சொன்னேன். பையன் ஒருவன், ‘ஐயா, காருக்குள்ளை வருத்தக்காரர் இருந்திருந்தால்?’ என்றான். வழுவமைதி என்றேன். ‘இல்லாமல், இருக்கினம் எண்டு பொய் சொன்னால்?’ வகுப்புச் சிரித்தது. வழு, பொய்யும் சேர்ந்த வழு என்றேன். பின்வாங்கில் இருந்த பெண்பிள்ளை சிரிக்கவில்லை. ‘ஐயா, அந்தப் பண்டிதர் ஏன் வேண்டாம் எண்டு சொல்லேல்லை?’ என்று கேட்டாள்.

அவருக்கு நேரமாகிவிட்டது என்றேன். அவள் அதனைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதவில்லை. அப்பண்டிதர் யாரென்று அவள் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் வகுப்பிலேயே சொல்லியிருப்பேனோ என்னவோ; இப்போது இங்கே எழுதிவிட்டேன்.